வேதம் மட்டும் போதுமா என்று கேட்ட சகோதரிக்கு

கேள்வி: நான் சீர்திருத்த சபையில் வளர்ந்தவள். ‘வேதம் மட்டுமே’ என்பதை ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம் செய்திருக்கிறேன். என் கணவர் கத்தோலிக்கர், திருமணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. அன்பானவர், ஆனால் இந்தப் பேச்சு வந்தாலே இரவு நெடுநேரம் வாக்குவாதம்தான். “வேதம் மட்டும் போதும் என்று வேதத்தில் எங்கே எழுதியிருக்கிறது? எந்தெந்தப் புத்தகம் வேதம் என்று சொன்னதே திருச்சபைதானே?” என்று கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் ஜெபக்குழுத் தலைவரிடம் போய்க் கேட்டேன். “சபை வரலாறெல்லாம் மனுஷர் சொன்னது, நீ வேதத்தை மட்டும் வாசி, இப்படிக் கேட்பதே அவிசுவாசம்” என்றார். இத்தனை நாள் நான் நம்பியது தவறா, ஐயா?

பதில்:

அன்புச் சகோதரி,

கேட்பது அவிசுவாசம் இல்லை. முதலில் இதை மனதிலிருந்து இறக்கி வைத்துவிடுங்கள். பெரேயா ஊரார் பவுல் பிரசங்கித்ததைக் கேட்டுவிட்டு, “காரியங்கள் இப்படியிருக்கிறதா” என்று தினந்தோறும் வேதவாக்கியங்களைப் புரட்டிப் பார்த்தார்கள். அப்போஸ்தலன் சொன்னதையே சரிபார்த்தவர்கள் அவர்கள், லூக்கா அவர்களைக் கண்டிக்கவில்லை, நற்குணசாலிகள் என்று எழுதி வைத்திருக்கிறார் (அப்போஸ்தலர் 17:11). பவுலைச் சரிபார்க்கலாம் என்றால் ஒரு ஜெபக்குழுத் தலைவரைச் சரிபார்க்கக் கூடாதா?

நான் ஆயராக இருந்தவன், இப்போது இறையியல் கல்லூரியில் புதிய ஏற்பாடு கற்பிக்கிறேன். சீர்திருத்த சபையைச் சேர்ந்தவன், வேதமே கடைசித் தீர்ப்பு என்பதை முழு மனதோடு நம்புகிறவன். அதனால் நான் எழுதப்போவது இரண்டு பக்கத்துக்கும் சமமாகத் தட்டுப் பிடிக்கிற பதில் இல்லை. ஆனால் உங்கள் கணவர் கேட்டது நல்ல கேள்வி. அதற்கு நம் பக்கத்தில் பலர் சொல்லும் பதில் அரைகுறையானது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நாம் உடனே எடுத்து நீட்டும் வசனம் 2 தீமோத்தேயு 3:16, 17. வேதவாக்கியங்களெல்லாம் தேவ ஆவியினால் அருளப்பட்டவை, தேவனுடைய மனுஷன் எந்த நற்கிரியைக்கும் தகுதியுள்ளவனாகும்படி அவை “பிரயோஜனமுள்ளவை” என்கிறது. பலமான வசனம், எனக்கு உயிரான வசனம். ஆனாலும் பிரயோஜனமுள்ளது என்று சொல்வதும் அது மட்டும்தான் என்று சொல்வதும் ஒன்றல்ல, இதை உங்கள் கணவர் சுட்டிக்காட்டினால் அவர் சொல்வது சரி. போதாததற்கு, பவுல் அதை எழுதும்போது தீமோத்தேயு சிறு வயது முதல் அறிந்திருந்த வேதம் பழைய ஏற்பாடுதான். ‘வேதம் மட்டுமே’ என்ற கொள்கையை ஒரே வசனத்தில் நிறுத்திக் காட்ட முடியாது. திரித்துவம் என்ற சொல்லும்தான் எந்த வசனத்திலும் இல்லை, அதற்காக நாம் அதை விட்டுவிடுவதில்லை. முழு வேதத்தின் போக்கையும் பார்த்துத்தான் வந்து சேர்கிறோம், இதுவும் அப்படித்தான்.

அவர் அடுத்து 2 தெசலோனிக்கேயர் 2:15-ஐ எடுப்பார், அநேகமாக ஏற்கெனவே எடுத்திருப்பார். இங்கே உங்கள் கையிலிருக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். “வார்த்தையினாலாவது நிருபத்தினாலாவது” உபதேசித்த “முறைமைகளை”க் கைக்கொள்ளுங்கள் என்று இருக்கும். 1 கொரிந்தியர் 11:2-க்குப் போங்கள், ஒப்புவித்தபடி “கட்டளைகளை”க் கைக்கொள்கிறீர்கள் என்று பவுல் பாராட்டுகிறார். பிறகு மாற்கு 7:13, அங்கே இயேசு, உங்கள் “பாரம்பரியத்தினால்” தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்று பரிசேயரைக் கண்டிக்கிறார். முறைமை, கட்டளை, பாரம்பரியம் என்று தமிழில் மூன்று சொல். கிரேக்கத்தில் மூன்று இடத்திலும் ஒரே சொல்தான், பாரதோசிஸ், கையிலிருந்து கைக்கு ஒப்புவிக்கப்படுவது. கண்டிக்கும் இடத்தில் மட்டும் பாரம்பரியம் என்று வாசித்தே பழகிவிட்டதால், அந்தச் சொல்லே நமக்குக் கெட்ட சொல்லாகிவிட்டது. பவுல் நல்ல பாரம்பரியம் ஒன்று உண்டு என்கிறார், அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார். இதை ஒளிக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

சரி, அப்படியானால் எங்கே வித்தியாசம்? மாற்கு 7-ஐ முழுதாக வாசித்தால் தெரியும். கொர்பான் என்று ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன் தன் சொத்தைக் காணிக்கை என்று சொல்லிவிட்டால், வயதான தாய் தகப்பனுக்கு அதிலிருந்து உதவத் தேவையில்லை. பெரியவர்கள் வழிவழியாகக் காத்துவந்த பாரம்பரியம், வெளியே பார்த்தால் பக்தியாகவும் தெரியும். இயேசு அதை எதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறார்? “உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக” என்று எழுதப்பட்டிருப்பதன் முன்னால். பாரம்பரியம் இருக்கலாம், ஆனால் அதை விசாரிக்க ஒரு இடம் வேண்டும், அந்த இடம் எழுதப்பட்ட வார்த்தை. இதைத்தான் நம் முன்னோர் லத்தீனில் சோலா ஸ்கிரிப்டுரா, ‘வேதம் மட்டுமே’ என்றார்கள், இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

சீர்திருத்தத்தைத் தொடங்கி வைத்த லூத்தர் 1521 ஏப்ரல் 18-ஆம் தேதி வோர்ம்ஸ் நகரில் பேரரசர் முன் நின்று சொன்னதையும் இப்படித்தான் கேட்க வேண்டும். வேதவாக்கியத்தாலோ தெளிவான நியாயத்தாலோ உணர்த்தப்பட்டாலொழிய நான் எழுதியதைத் திரும்பப் பெறமாட்டேன், போப்பாண்டவர்களும், ஆயர்கள் கூடித் தீர்மானிக்கும் சபைச் சங்கங்களும் பலமுறை தவறியதும் ஒன்றுக்கொன்று முரண்பட்டதும் உண்டு என்றார். நானும் என் பைபிளும் போதும், வேறு யாரும் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. எட்டே வருடத்தில், 1529-ல், சிறுவர்களும் வீட்டாரும் கற்க ஞானோபதேசப் புத்தகம் எழுதி, அதற்குள் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தை வைத்தவர் அவர். இன்னொரு சீர்திருத்தத் தலைவரான கால்வினின் எழுத்தைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் ஆதிசபைப் பிதாக்களில் ஒருவரான அகுஸ்தீனுவை மேற்கோள் காட்டியிருப்பார். சபைப் பிதாக்களை வாசிக்கவே கூடாது என்று உங்கள் குழுவில் சொல்வது லூத்தருக்கும் கால்வினுக்கும் தெரியாத போதனை.

ஆக, ‘மட்டும்’ என்ற சொல்லில்தான் சிக்கல். வேதம் மட்டுமே தவறாத கடைசி நீதிபதி என்று சொன்னார்கள். நாம் அதை, வேதம் மட்டுமே பேசலாம், மற்ற எல்லோரும் வாயை மூட வேண்டும் என்று மாற்றிக்கொண்டோம். ஆனால் வாயை யாரும் மூடுவதில்லை. வசனத்தை வாசித்தவுடன் இதற்கு இதுதான் அர்த்தம் என்று ஒரு மனிதர் சொல்லத்தான் செய்கிறார், அவருக்கு மேலே அவரைக் கேட்க யாரும் இல்லை, அவ்வளவுதான்.

ஒன்றைச் சொல்கிறேன், இன்றும் நினைத்தால் மனம் வலிக்கிறது. ஊழியத்துக்கு வந்த புதிதில் யாக்கோபு 5-ஆம் அதிகாரத்தை எடுத்து, விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும் என்று பிரசங்கித்தேன். குணமாகவில்லை என்றால் விசுவாசத்தில்தான் குறை என்றும் சொல்லிவிட்டேன், வேதத்தில் அப்படியே இருக்கிறதே என்ற நிச்சயத்தோடு. நீண்ட நாள் நோயில் இருந்த ஒரு அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார், நான் பேசப் பேச அவர் தலை குனிந்துகொண்டே போனது. ஆராதனை முடிந்ததும் வயதான மூப்பர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார், திட்டவில்லை. தம் வேதாகமத்தைத் திறந்து இரண்டே இடத்தில் விரல் வைத்தார். ஒன்று 1 தீமோத்தேயு 5:23, அடிக்கடி நேரிடுகிற பலவீனங்களுக்காகக் கொஞ்சம் திராட்சரசமும் கூட்டிக்கொள் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது. இன்னொன்று 2 தீமோத்தேயு 4:20, “துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்.” பவுலுக்கு விசுவாசம் இல்லையா தம்பி என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலையில் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

அன்றைக்கு என்னைத் திருத்தியது வேதமா, சபையா? வேதம்தான் திருத்தியது, அந்த இரண்டு வசனங்கள் இல்லாமல் மூப்பர் வெறுமனே நீ சொன்னது தப்பு என்றிருந்தால் நான் அசைந்திருக்கமாட்டேன். ஆனால் அந்த வசனங்கள் என் கண்ணில் படுவதற்கு என்னைவிட அதிக நாள் வாசித்த, நோயாளிகள் பக்கத்தில் அதிக நாள் உட்கார்ந்த ஒரு மனிதர் வேண்டியிருந்தார். அதிகாரம் எழுத்தில் இருந்தது, அது என்னிடம் வந்து சேர்ந்தது சபை வழியாக. எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு, ஒருவன் தெரிவிக்காவிட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டபோது பிலிப்பு அவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாரே, அது போல.

இனி அவருடைய இரண்டாவது கேள்வி, புத்தகங்களின் பட்டியல். கத்தோலிக்கர் பக்கம் இருக்கும் மிகப் பலமான வாதம் இதுதான், ஒரு வரியில் தட்டிவிட முயலாதீர்கள். புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களும் இன்று நாம் வைத்திருக்கிறபடியே ஒரு பட்டியலில் முதன்முதலாக நமக்குக் கிடைப்பது அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு 367-ல் எழுதிய பாஸ்கா மடலில். அதுவரை எபிரெயர், யாக்கோபு, 2 பேதுரு, 2, 3 யோவான், யூதா, வெளிப்படுத்தல் ஆகியவற்றை ஏற்பதில் இடத்துக்கு இடம் வித்தியாசம் இருந்தது. பட்டியல் வானத்திலிருந்து விழவில்லை. அதைக் காத்து, சோதித்து, கைமாற்றித் தந்தவர்கள் சபையார்தான், அவர்களை அந்த இடத்தில் நாம் நம்பத்தான் செய்கிறோம். இதை உங்கள் கணவரிடம் தாராளமாக ஒப்புக்கொள்ளுங்கள்.

ஆனால் நம்புவதிலும் ஒரு அளவு இருக்கிறது. நான்கு சுவிசேஷங்களையும் பவுலின் நிருபங்களையும் எந்தச் சங்கமும் ஓட்டுப் போட்டு வேதமாக்கவில்லை. எந்தச் சங்கமும் கூடிப் பட்டியலிடுவதற்கு வெகு காலம் முன்பே, 180 வாக்கில், சுவிசேஷங்கள் நான்குதான் என்று ஆதிசபை ஆயர் இரேனியு உறுதியாக எழுதுகிறார். உரைகல்லில் உரசிப் பார்த்து இது தங்கம் என்று ஆசாரி சொல்கிறார், அவர் சொன்னதால் அது தங்கமாவதில்லை. இதற்கு உங்கள் கணவர், ஆசாரியை ஏன் நம்புகிறீர்கள் என்று திருப்பிக் கேட்கலாம், கேட்க வேண்டும். அதற்கு நான் ரோமர் 3:2-ஐக் காட்டுவேன். தேவனுடைய வாக்கியங்கள் யூதரிடத்தில் ஒப்புவிக்கப்பட்டன என்கிறார் பவுல். பழைய ஏற்பாட்டைக் காத்து நம் கையில் தந்தவர்கள் அவர்கள், அதில் தேவன் அவர்களைப் பயன்படுத்தினார். அதனால் அவர்களுடைய தலைவர்கள் போதித்ததெல்லாம் தவறாதது என்று ஆகிவிட்டதா? இல்லையே, அவர்கள் காத்த அதே எழுத்தைக் கையில் எடுத்துத்தானே இயேசு அவர்களையே கண்டித்தார். வேதத்தைக் காப்பாற்றித் தந்தவர்கள் வேதத்தால் திருத்தப்பட முடியாதவர்கள் ஆகிவிடுவதில்லை. பட்டியல் வாதத்துக்கு எனக்குத் தெரிந்த சிறந்த பதில் இதுதான்.

நம் வேதாகமத்தில் 66 புத்தகம், அவர்களுடையதில் 73, எது சரி என்ற சண்டையும் வரும். பழைய ஏற்பாட்டில் வரும் அந்தக் கூடுதல் புத்தகங்களை முந்தைய சில சங்கங்களும் பட்டியலில் சேர்த்திருந்தன, ஆனால் அவற்றை மறுக்கவே கூடாத வேதம் என்று இறுதியாகத் தீர்மானித்தது கத்தோலிக்கரின் திரெந்து சங்கம், 1546-ல். லூத்தர் 1534-ல் வெளியிட்ட முழு வேதாகமத்தில் அவற்றைத் தூக்கி எறியவில்லை, வேதத்துக்கு நிகரானவை அல்ல, ஆனாலும் வாசிக்கப் பயனுள்ளவை என்று தலைப்பிட்டுத் தனியாக வைத்தார். மக்கபேயர் புத்தகத்தை வாசித்தால் உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடாது, வாசியுங்கள்.

இப்போது நமக்குச் சங்கடமான பகுதி. வேதமே கடைசித் தீர்ப்பு என்று ஒத்துக்கொண்டவர்கள் தங்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. 1529 அக்டோபரில் மார்பர்க் கோட்டையில் லூத்தரும் சுவிட்சர்லாந்தின் சீர்திருத்தத் தலைவர் சுவிங்கிலியும் திருவிருந்தைப் பற்றிப் பேச எதிரெதிரே உட்கார்ந்தார்கள். லூத்தர் சுண்ணக்கட்டியை எடுத்து, “இது என்னுடைய சரீரமாயிருக்கிறது” என்ற வார்த்தைகளை லத்தீனில் மேசையின் மேல் எழுதி, துணியால் மூடி வைத்துக்கொண்டார். வாதம் சூடேறியபோது துணியை விலக்கி, இதோ எழுதியிருக்கிறது என்று காட்டினார். சுவிங்கிலியும் அதே வேதத்தை வைத்துத்தான், அது அடையாளமாகச் சொல்லப்பட்டது என்றார். 15 காரியங்களில் 14-ல் ஒத்துப்போனவர்கள் அந்த ஒன்றில் பிரிந்தார்கள். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம்தான். வேதம் தெளிவாக இருக்கிறது, எல்லோருக்கும் புரியும் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். சீர்திருத்த சபைகளின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை அப்படிச் சொல்லவில்லை, எல்லாமே ஒரே அளவுக்குத் தெளிவானவை அல்ல, இரட்சிப்புக்குத் தேவையானவை தெளிவாக இருக்கின்றன என்று நிதானமாக எழுதியிருக்கிறது.

வசனத்தை மட்டும் காட்டி எதையும் நிரூபிக்கலாம் என்ற ஆபத்து ஆதிசபைக்கும் தெரியும். நான் மேலே சொன்ன இரேனியு ஒரு அருமையான உவமை சொல்கிறார். இரத்தினக் கற்களைப் பதித்து ஒருவன் ராஜாவின் உருவத்தைச் செய்கிறான். இன்னொருவன் வந்து அதே கற்களைப் பெயர்த்து, நாயாகவோ நரியாகவோ அடுக்கிவிட்டு, இதுதான் ராஜா, கற்களைப் பாருங்கள், எல்லாம் அசல் கற்கள் என்கிறான். கற்கள் அசல்தான், முகம்தான் மாறிப்போனது. குமாரன் படைக்கப்பட்டவர் என்று போதித்த ஆரியு வசனம் இல்லாமலா பேசினான்? நீதிமொழிகள் 8:22-ம், பிதா என்னிலும் பெரியவர் என்ற யோவான் 14:28-ம் அந்தக் கூட்டத்தார் வாயில் எப்போதும் இருந்தன. 325-ல் நிசேயா சங்கத்தில் கூடிய ஆயர்கள், குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்று, வேதத்தில் இல்லாத ஒரு சொல்லைப் போட்டு வேதத்தின் அர்த்தத்தைக் காத்தார்கள். நீங்களும் உங்கள் கணவரும் அவரவர் சபையில் நின்று அந்த விசுவாசப் பிரமாணத்தைத்தானே சொல்கிறீர்கள்.

அப்படியானால் நீங்கள் ஏன் கத்தோலிக்கர் ஆகவில்லை என்று அவர் என்னைக் கேட்கலாம். கலாத்தியர் 1:8-ஐச் சொல்வேன். “நாங்களாவது, வானத்திலிருந்து வருகிற ஒரு தூதனாவது” வேறொரு சுவிசேஷத்தைப் பிரசங்கித்தால் சபிக்கப்பட்டவன் என்கிறார் பவுல். நாங்களாவது! தம்மையும் சேர்த்துக்கொள்கிறார். அப்போஸ்தலனே பிறகு வந்து மாற்றிச் சொன்னாலும், முதலில் ஒப்புவிக்கப்பட்ட சுவிசேஷம்தான் அவரை நியாயந்தீர்க்கும். அடுத்த அதிகாரத்திலேயே பேதுருவை முகமுகமாய் எதிர்க்கிறார். அனுப்பப்பட்ட ஆளுக்கு மேலே செய்தி நிற்கிறது, அந்தச் செய்தி நமக்கு எழுத்தில் கிடைத்திருக்கிறது. அதற்கு அர்த்தம் சொல்வதில் தவறாத ஒரு நாற்காலி, போப்பாண்டவருடையது, இருக்கிறது என்று சொன்னால், அந்த நாற்காலி தவறும்போது என்ன செய்வது என்ற கேள்வியையே கேட்க முடியாமல் போகிறது. 1950-ல் மரியாளின் விண்ணேற்பை, அதாவது அவர் உடலோடு பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்பதை, விசுவாசித்தே ஆக வேண்டிய சத்தியமாகக் கத்தோலிக்க சபையில் அறிவித்தார்கள். வேதத்தில் வெளிப்படையாக இல்லாத ஒன்றை மறுப்பவன் விசுவாசத்திலிருந்தே விழுந்தவன் என்று கட்டுவது, என் மனசாட்சியால் தாண்ட முடியாத கோடு.

அதே சமயம் அவர் சபையைப் பற்றித் தவறாகப் பேசிவிடாதீர்கள். கத்தோலிக்கர் வேதத்துக்கு மேல் போப்பாண்டவரை வைக்கிறார்கள் என்று நம் பக்கத்தில் சொல்வது வழக்கம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில், போதிக்கும் அதிகாரம் தேவனுடைய வார்த்தைக்கு மேலானது அல்ல, அதற்கு ஊழியம் செய்வது என்றே எழுதியிருக்கிறது. அந்த ஊழியம் தவறினால் யார் சொல்வது என்பதுதான் நமக்கும் அவர்களுக்கும் நடுவே இருக்கும் உண்மையான கேள்வி. அந்தக் கேள்வியை வைத்துப் பேசுங்கள், மற்றதெல்லாம் வீண் சத்தம்.

உங்கள் ஜெபக்குழுத் தலைவரைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும், இதுதான் எனக்கு அதிகக் கவலை. அவர் சொல்லும் அர்த்தம் தவறென்று தோன்றினால், அதைச் சொல்ல உங்கள் குழுவில் யாருக்காவது இடம் உண்டா? அவர் யாருக்காவது பதில் சொல்லக் கடமைப்பட்டவரா? இல்லை என்றால், அங்கே நடப்பது ‘வேதம் மட்டுமே’ இல்லை. போப்பாண்டவருக்காவது அவருக்கு முன் பேசிய சங்கங்களும் ஏடுகளும் இருக்கின்றன, இவருக்கு அதுவும் கிடையாது. மரியாதையாக ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கோபப்பட்டால், மூப்பர்கள் உள்ள, ஆயரையே கேள்வி கேட்க முடிகிற ஒரு சபையில் போய் உட்காருங்கள்.

வீட்டில், இரவு வாக்குவாதத்தை நிறுத்துங்கள். களைப்பில் பேசுவதில் யாரும் எதையும் கற்பதில்லை. வாரத்தில் ஒரு நாள், வெளிச்சம் இருக்கும்போது, அவருடைய திருவிவிலியத்தையும் உங்கள் வேதாகமத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து மாற்கு 7-ஐ வாசியுங்கள். அடுத்த வாரம் அப்போஸ்தலர் 15. எருசலேமில் அப்போஸ்தலரும் மூப்பரும் கூடிப் பேசுகிறார்கள், பேதுரு எழுந்து பேசுகிறார், யாக்கோபு ஆமோஸின் வார்த்தையை எடுத்துக் காட்டுகிறார், பிறகு முடிவு எழுதி அனுப்பப்படுகிறது. அதில் சபையின் அதிகாரத்தை அவர் பார்ப்பார், வேதத்தின் அதிகாரத்தை நீங்கள் பார்ப்பீர்கள், இரண்டுமே அங்கே இருக்கிறது. அதன் பிறகு கலாத்தியர் முதல் இரண்டு அதிகாரம். அதை அவரே சத்தமாக வாசிக்கட்டும், நீங்கள் குறுக்கே பேசாதீர்கள். வாசித்து முடித்ததும் அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.